மார்க்கவசமும் மந்திரக் கயிறும்

அம்பாங்கில் நண்பர் ஒருவர் இல்லத்தில், ஞாயிறு மாலைதோறும் சிலர் கூடி, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தையும், அதற்கு மூலமாகிய ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தையும் அருகருகே வைத்துப் படித்துவந்தோம். வந்தவர் அனைவரும் கிறிஸ்தவரல்லர். நம்மைப்போலத் தமிழுக்காக வந்தவரும் உண்டு. தேநீருக்காக வந்தவரும் உண்டு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவரும் கிள்ளானிலிருந்து ஒருவரும் இரயிலேறி வந்தனர். எல்லோரினும் ஊன்றிக் கேட்டவர் எழுத்துவாசனை அதிகமில்லாத ஒரு மூதாட்டியார். தோட்டத்தில் பால்மரம் சீவியே காலங் கழித்து, தோட்டம் கைமாறி வீடமைப்பு நிலமானபின் அடுக்குமாடி வீட்டிற்குக் குடிவந்தவர்.

யாத்திரிகன் போர்க்கவசம் தரிக்கும் கட்டத்தைப் படித்த அன்று அம்மையார் நம்மை நோக்கி, “தம்பி, அந்தக் கவசத்தில் ஓட்டை விழுமா?” என்று கேட்டார். வினாவின் காரணம் பின்னர் விளங்கிற்று. அவருடைய ஒரே மகன் குடியறியாதவன், கடனறியாதவன், ஞாயிறு ஆராதனை தவறாதவன். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் மாண்டான். துக்கம் விசாரிக்க வந்த பிரசங்கி ஒருவர், நீதியாய் நடப்பவனைச் சாத்தான் தொடமுடியாதென்றும், தொட்டானானால் நீதியின் கவசத்தில் எங்கோ ஓட்டை இருந்திருக்க வேண்டுமென்றும், அவனுடையதில் இல்லாவிட்டால் தாயினுடையதில் இருக்குமென்றும் உபதேசித்துப் போனாராம். “மூன்று வருஷமாக அந்த ஓட்டையைத் தேடுகிறேன் தம்பி” என்றார் அம்மையார்.

நீதியாய் வாழ்பவனுக்கு அந்நீதியே அரண் என்பது கிறிஸ்து மார்க்கத்தின் பழைய போதனைகளுள் ஒன்று. அப்போதனை பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் மேல் குற்றப்பத்திரமாய் விழுவது எவ்வாறு? இது வேதசாஸ்திரிகளின் விவகாரம் என்று ஒதுங்கிப்போக நமக்கு மனம் ஒப்பவில்லை. நூலைப் படித்துக்கொண்டிருந்த வேளையில் எழுந்த வினாவாதலின், நூலுக்குள் நின்றே இதனை ஆராயப் புகுகிறோம்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். கவசம் என்றவுடன் தமிழ்க் காதுக்கு இரண்டு தோன்றும். ஒன்று கர்ணனுடையது. உடலோடு பிறந்த அக்கவசம் இருக்குமளவும் அவனுக்குச் சாவில்லை. வேண்டி வந்தவனுக்கு அதனை அரிந்து கொடுத்தான். கொடுத்ததனாலேயே பின்னர் மாண்டான். கொடுத்ததனாலேயே இன்றளவும் அவன் பெயர் சொல்லப்படுகிறது. மற்றொன்று பாராயணக் கவசம். தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தைப் பத்துமலைப் பக்கத்தில் ஒருமுறையேனும் கேளாதவர் நம்மில் எவர்? அங்கம் அங்கமாய்ப் பெயரிட்டுக் காவல் வேண்டும் அந்நூல்வகைக்கு ஓதுதலே உயிர். நம்மவரில் ஒருவன் ஞானஸ்நானம் பெற்றுப் பெயரை மாற்றிக்கொள்கிறான், காது மாறுவதில்லை. மார்க்கவசம் என்று வேதபுத்தகத்தில் கண்டால், அதையும் ஓதிக் கட்டிக்கொள்ளும் ஒன்றாகவே அவன் மனம் எடுத்துக்கொள்கிறது. இதில் நகைப்பதற்கொன்றுமில்லை. காட்டைத் திருத்திக் காய்ச்சலில் வீழ்ந்த தோட்டத்து மக்களுக்கு மருத்துவர் எட்டாத இடத்தில் கயிறும் விபூதியும்தாம் எட்டின. அவர் பிள்ளைகள் தலையணைக்கடியில் வேதபுத்தகத்தை வைத்து உறங்கினால் அது பழைய கயிற்றின் புதிய முடிச்சு, அவ்வளவே.

ஆனால் பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் வரும் கவசம் இவ்விரண்டிலும் சேராதது. சத்தியத்தை அரைக்கச்சையாகவும், நீதியை மார்க்கவசமாகவும், விசுவாசத்தைக் கேடகமாகவும், இரட்சிப்பைத் தலைச்சீராவாகவும் அவர் அடுக்குகிறார். எழுதியவரோ சங்கிலியில் கட்டுண்டவர். தாம் விலங்கு பூண்ட தூதன் என்று அவ்வதிகாரத்திலேயே சொல்லிக்கொள்கிறார். இதனை நம் பிரசங்கிகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். சர்வாயுதங்களையும் அணியச் சொன்னவர் சிறையில் இருந்தார் என்றால், அவருடைய ஆயுதங்கள் சிறையைத் தடுக்கவில்லை என்பது குழந்தைக்கும் விளங்குமே.

இவ்வுவமை பவுல் புதிதாய்ப் புனைந்ததன்று. ஏசாயா தீர்க்கதரிசியின் 59ஆம் அதிகாரத்தில் நீதியை மார்க்கவசமாய் அணிபவர் கடவுளே. ஏன் அணிகிறார்? நாட்டில் நியாயம் பின்வாங்கிற்று, உண்மை தெருவில் விழுந்துகிடந்தது, அதை எடுத்து நிறுத்த ஒருவரையும் காணோம். ஆதலின் அவர் தாமே கவசம் பூண்டு இறங்கினார். பிறர் துன்பத்தில் தலையிட இறங்குபவரின் உடுப்பு அது. தன் வீட்டுக் கதவைத் தாழிட்டு உள்ளே அமர்ந்திருப்பவனுக்குத் தைத்ததன்று. பவுல் தாமே தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது மார்க்கவசம் விசுவாசமும் அன்பும் என்று மாற்றிச் சொல்கிறார். நீதி என்ற சொல் அவர் காதில் வெறும் ஒழுங்குப் பட்டியலாய் ஒலித்திருந்தால், அந்த இடத்தில் அன்பை வைத்திருக்க முடியுமா?

இனிப் பனியனிடம் வருவோம். பெட்போர்டு நகரத்துப் பாத்திரத் தட்டான் அவர். அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்திற்காக 1660 முதல் 1672 வரை சிறையில் கிடந்தார். மோட்சப் பிரயாணத்தின் முதற்பாகம் 1678இல் வெளிவந்தது. அதில் கிறிஸ்தியான் என்னும் யாத்திரிகன் அழகு மாளிகையில் தங்கி, அங்குள்ள ஆயுதசாலையில் தலைமுதல் கால்வரை கவசம் பெற்று, தாழ்மைப் பள்ளத்தாக்கில் இறங்கி, அப்பொல்லியோன் என்னும் கொடியவனை எதிர்ப்படுகிறான். கண்டதும் நடுக்கம். திரும்பி ஓடலாமா, நிற்கலாமா? அப்பொழுதுதான் நினைவு வருகிறது: முதுகுக்குக் கவசமில்லை. திரும்பினால் அம்பு தைப்பது எளிது. ஆகவே நிற்கிறான்.

இவ்வோரிடத்திற்காகவே அத்தட்டானுக்கு நாம் தலை வணங்குகிறோம். வீரத்தினால் அவன் நின்றான் என்று எழுதவில்லை. நிற்பதே ஆபத்துக் குறைந்த வழி என்று கணக்குப் பார்த்து நின்றான் என்று எழுதுகிறார். கடன்காரனை எதிர்கொண்டவர்க்கும், அநியாயமாய்ப் பழிசுமத்திய மேலாளர் முன் நின்றவர்க்கும் இதன் உண்மை தெரியும்.

அரைநாளுக்கு மேல் போர் நடக்கிறது. கிறிஸ்தியான் காயப்படுகிறான். கவசம் பூண்டவன் காயப்படுகிறான்! எங்கெங்கு என்பதையும் பனியன் குறிக்கிறார்: தலையில், கையில், காலில். தலைச்சீரா இருந்தும் தலையில் அடி. மார்பை மட்டும் அப்பட்டியலில் காணோம். அதை வேண்டுமென்றே விட்டாரோ, கை போன போக்கில் விட்டாரோ, நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும் படிப்பவன் அதனைக் கண்டபின் காணாததுபோல் இருக்க இயலாது. நீதி காத்தது எதை? அவன் உடம்பையன்று. வாளும் ஒருமுறை கைதவறி வீழ்ந்தது. காயமுற்ற நிலையிலும் அவன் அப்பொல்லியோனுடைய பழைய ஊழியத்திற்குத் திரும்பச் சம்மதியாத அந்த நெஞ்சு ஒன்றே தப்பிற்று. ஓட்டையைப் பற்றிய பேச்சு அவ்விடத்தில் யாண்டும் இல்லை.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. கிறிஸ்தியானின் தோழன், ஆங்கிலத்தில் விசுவாசமுள்ளவன் என்று பெயர் பெற்றவன், அந்த மாளிகைக்குள் நுழையவேயில்லை. பகற்பொழுது மிச்சமிருக்கிறதென்று வாயிற்காவலனைக் கடந்து போய்விட்டான். ஆகவே அந்த ஆயுதசாலையின் கவசம் அவனுக்குக் கிட்டவில்லை. கவசமில்லாத அவனுக்கு அப்பொல்லியோன் எதிர்ப்படவுமில்லை. மரண நிழலின் பள்ளத்தாக்கையும் வெயிலில் கடந்துபோனான். கவசமுள்ளவனுக்கோ அங்கு இருளும் சேறும். இருவரும் மாயச் சந்தைக்கு வந்து சேருகின்றனர். கைதாகின்றனர். விசுவாசமுள்ளவன் கழுமரத்தில் எரிக்கப்படுகிறான், கிறிஸ்தியான் தப்புகிறான். பிரசங்கியார் இந்நூலை எழுதியிருந்தால், கவசம் பெறாமல் போனதன் பலன் இதுவே என்று ஓர் அதிகாரம் சேர்த்திருப்பார். பனியன் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூட்டத்தின் பின்னே காத்திருந்த இரதம் அம்மனிதனை எக்காள ஓசையோடு மேலே கொண்டுபோனதாக எழுதி, மேலே நடக்கிறார்.

இவ்வளவு நுட்பம் வாய்ந்த அவரிடமே நாம் உடன்படாத இடமும் உண்டு. அறியாமை என்னும் பெயருடைய ஒரு வாலிபன் வருகிறான். கடனைத் தீர்ப்பவன், ஜெபிப்பவன், உபவாசமிருப்பவன், தசமபாகமும் தருமமும் கொடுப்பவன். மோட்ச வாசல்வரை வந்த அவனைக் கட்டி, மலைச்சரிவிலுள்ள ஒரு கதவு வழியே நரகத்தில் தள்ளிவிடுகிறார் ஆசிரியர். தன் நீதியை நம்பினான் என்பது குற்றம். சொந்த நீதி கந்தல், கிறிஸ்துவின் நீதியே ஆடை என்பது அவர் சித்தாந்தம். அதனை வாதிப்பது நம் வேலையன்று. ஆனால் வள்ளுவரைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது கசக்கிறது. நாள் தவறாமல் செய்யும் நன்மை பிறவி வரும் வழியை அடைக்கும் கல்லாகும் என்று அறன் வலியுறுத்தலில் அவர் சொல்லியிருக்க, கல் சுமந்து வந்தவனைக் கல்லோடு சேர்த்து உருட்டிவிடலாமா? அவ்வாலிபனிடம் ஒரு குறை இருக்கத்தான் இருக்கிறது. செய்த நன்மைக்கெல்லாம் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறான். அதற்குத் தண்டனை இவ்வளவா? பாவம், அந்தப் பையன் என்று அம்மையாரும் சொன்னார்.

கல் என்றதும் நாம் கூடிப் படித்த ஊரின் பெயர் நினைவுக்கு வருகிறது. அம்பாங் என்பது மலாய்மொழியில் அணையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஈயம் அரித்தவர் நீரைத் தேக்கக் கட்டிய அணைகளின் ஞாபகம் அது. 1857இல் ராஜா அப்துல்லா கிள்ளானிலிருந்து ஆற்றின் வழியே 87 சீனத் தொழிலாளரை அங்கு அனுப்பினார். ஒரு மாதத்திற்குள் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று, எஞ்சியவர் 18. கோலாலம்பூரின் செல்வம் அப்பதினெண்மரிலிருந்து தொடங்குகிறது. எஞ்சியவர் நீதிமான்கள், மாண்டவர் பாவிகள் என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதத் துணியவில்லை.

அதே அம்பாங்கை ஒட்டிய உலு கிள்ளானில் 1993 டிசம்பர் 11ஆம் நாள், பல நாள் மழைக்குப் பின் மலைச்சரிவு இடிந்து, ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டனர். வடிகால் சரியாய் இல்லை. தடுப்புச் சுவர்கள் தாங்கவில்லை. காரணம் மண்ணிலும் நீரிலும் மனிதருடைய அலட்சியத்திலும் இருந்தது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒத்த செய்தி ஒன்றுண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டனர். அவர்கள் எருசலேமிலிருந்த மற்ற யாவரினும் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று இயேசு கேட்டு, அல்ல என்று தாமே விடையும் சொல்கிறார். அதற்குமேல் அவர் கேட்டவரைத் தத்தம் மனந்திரும்புதலுக்கு அழைத்தாரேயன்றி, மாண்டவரின் வீட்டிற்குப் போய் ஓட்டை தேடச் சொல்லவில்லை. யோபின் சரித்திரமும் இதுவே. அவனைச் சுற்றி வேலி அடைத்திருக்கிறீர் என்று கடவுளிடம் முறையிடுபவன் சாத்தான். வேலி பிடுங்கப்படுகிறது. வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாது அமர்ந்திருந்தவரை நண்பராயிருந்தனர். வாய்திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று தொடங்கியபின் கடவுளின் கோபத்திற்கு ஆளாயினர். அம்மையாரின் வீட்டிற்கு வந்த பிரசங்கியார் அந்நூலில் முதலிரண்டு அதிகாரங்களைத் தாண்டிப் படித்திருப்பாரோ என்பது நமது ஐயம்.

கிருஷ்ண பிள்ளைக்கு வருவோம். 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் 3,700க்கு மேற்பட்ட செய்யுட்களையும் ஐந்து பருவங்களையும் உடையது. கம்பன் அவர் நாவில் ஊறியவன். அதுவே அவர் பலம். இவ்விஷயத்தில் அதுவே அவர் இடரும் ஆயிற்று. காப்பிய நடையில் கவசம் பூண்டு ஒருவன் களத்தில் நின்றால், அவன் வெல்வான் என்று தமிழ்க் காது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. சந்தம் முன்னே ஓடி வெற்றி முரசு கொட்டிவிடுகிறது. தட்டானின் வசனத்தில் நாம் கண்ட வியர்வை, முதுகைப் பற்றிய அந்த அச்சம், விருத்தத்தின் கம்பீரத்தில் சற்று மங்கிப்போவதாகவே நமக்குப் படுகிறது. வாய்விட்டுப் படிக்கும்போது நம் குழுவினர் நிமிர்ந்து உட்கார்ந்தனர். பனியனைப் படித்தபோதோ குனிந்து கேட்டனர்.

ஆயின் பனியன் நூலில் இல்லாத ஒன்றைப் பிள்ளையவர்கள் தம் உள்ளத்திலிருந்து எடுத்துச் சேர்த்தார். கிறிஸ்துவின் பாடுகளை அவர் விரித்துப் பாடிய பகுதி அது. சூழ நின்றவர் ஏசவும் எள்ளவும் வாய்திறவாது நிற்கிறார் குற்றமற்ற ஒருவர். அவரைக் கட்டியிருப்பது கயிறென்று எண்ணவேண்டா, தம்மைப் பகைத்தவர்மேல் அவர் கொண்ட அன்பின் கயிறே அது என்ற கருத்தைக் கவி அங்கு வைக்கிறார். நீதி முழுமையாய் உள்ள ஒரே மனிதர். அவர் மேல் கவசமே இல்லை. அன்றைய மாலை அப்பகுதியைப் படித்து முடித்தபோது ஒருவரும் தேநீரைத் தொடவில்லை. கவசத்தைக் கொடுத்தழிந்த கர்ணன் நம் நினைவுக்கு வந்தான். பிள்ளையவர்களுக்கும் வந்திருப்பானோ?

நீதியின் இன்னொரு முகத்தைக் காண மாயூரத்திற்குப் போகவேண்டும். அங்கு முன்சீப்பாயிருந்த வேதநாயகம் பிள்ளை 1859இல் நீதிநூல் வெளியிட்டார். அவரும் கிறிஸ்தவர், கத்தோலிக்கர். பேய் பிசாசோடு போர் என்ற பேச்சுக்கு அவர் நூலில் இடம் தேடவேண்டியதில்லை. கைக்கூலி வாங்கும் உத்தியோகஸ்தனே அவர் கண்ட அப்பொல்லியோன். நீதிபதியின் மேடையில் அமர்ந்து கைக்கூலியைக் கண்டித்து எழுதுவது, தானே வாங்காதவனுக்குத்தான் கைகூடும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்க்கு உணவளித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். ஏசாயா சொன்ன கவசம், தெருவில் இறங்குபவரின் கவசம், இங்குதான் நமக்குக் கண்ணாரத் தென்படுகிறது. கவிதை நயத்தில் பிள்ளையவர்களின் காப்பியத்திற்கு அந்நீதிநூல் ஈடாகாது. ஆயினும் தோட்டத்துக்காரனுக்கு எது அருகிலிருக்கிறது என்றால் நாம் முன்சீப்பின் பக்கமே சாய்வோம். காலைப் பெரட்டில் பெயர் எழுதாமல் விட்ட கங்காணியும், பால் நிறுவையில் கைவைத்த கிராணியும் நம் பாட்டன்மார் அறிந்த பிசாசுகள். அவர்களுள் சிலர் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் அமர்ந்து கவசத்தைப் பற்றிய பிரசங்கத்திற்கு ஆமென் சொன்னவர்கள்.

இன்று பெரட்டு இல்லை, முன்வரிசை இருக்கிறது. வாசல்மேல் வசனம், உள்ளே வட்டிக் கணக்கு. வேலைக்காரப் பெண்ணின் கடப்பிதழைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுக் குடும்ப ஜெபம். எல்லா மார்க்கத்தாரிலும் இவ்வினத்தார் உண்டு. கிறிஸ்தவரைத் தனியே குறைகூற நாம் எழுதவில்லை. இவர்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகளின் 19ஆம் அதிகாரத்தைச் சிபாரிசு செய்கிறோம். ஸ்கேவாவின் குமாரர் எழுவர் இயேசுவின் பெயரை மந்திரமாய் ஓதிப் பேயோட்டப் போயினர். அவரையும் அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார் என்று கேட்டுப் பேய் அவர்களை அடித்துத் துணியுரித்து ஓட்டிற்று. பெயரைக் கட்டிக்கொண்டவனுக்கும் அப்பெயர்படி வாழ்பவனுக்கும் உள்ள வேற்றுமை பேய்க்குத் தெரிந்திருக்கிறது.

அம்மையாரின் வினாவிற்கு நாம் சொன்ன விடை இவ்வளவு ஒழுங்காய் இருக்கவில்லை. முதுகைப் பற்றிய பகுதியையும், தலை, கை, கால் என்ற பட்டியலையும் மீண்டும் ஒருமுறை தமிழில் மெல்லப் படித்துக் காட்டினோம். “அப்போ அடிபட்டதுக்கு அவன் தப்பு ஒன்றுமில்லையா?” என்றார். இல்லை என்றோம். “நூலிலேயே அப்படித்தான் போட்டிருக்கா?” ஆம் என்றோம். நெடுநேரம் பேசாதிருந்தார்.

பிறகு நாம் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். “அவன் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டுத்தானே ஓடினான்? அவர்களுக்கு யார் கவசம் கொடுத்தது?”

பனியனுக்கும் அவ்வினா உறுத்தியிருக்க வேண்டும். 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவி கிறிஸ்தியானாளையும் நான்கு மக்களையும் அதே வழியில் நடத்தினார். அதில் அவளுக்குக் கவசம் கிடையாது. வாளும் கேடகமும் தாங்கிய பெருநெஞ்சன் என்னும் வழித்துணை ஒருவன் அவர்களுடன் வருகிறான். தாழ்மைப் பள்ளத்தாக்கு அவர்களுக்குப் பசும்புல் வெளியாய் இருக்கிறது. போன மனிதன் போரிட்ட இடத்தைக் காட்டி வழித்துணைவன் கதை சொல்கிறான். கிருஷ்ண பிள்ளை பாடியது முதற்பாகத்தை மட்டுமே. வரும் ஞாயிறு முதல் இரண்டாம் பாகத்தை வசனமாகவே படிப்பதென்று முடிவாயிற்று. அம்மையார் இன்னும் இரண்டு பெண்களை அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.